வலது பக்கம் பார்க்காதவர்

2017 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சி, டிகாக்‌ஷன் இறக்கி, ஒரு தம்ளர் காபி குடித்தேன். முந்தின நாள் உலர்ந்த துணிகளை மடித்து அலமாரியில் வைத்தேன். டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஆட்டோ வரிசையில் நின்று, பின் இருக்கையில் மூன்றாவது ஆளாக நெருக்கி உட்கார்ந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவு வேலை பார்த்த டாக்டரிடம் ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டுப் பொறுப்பை வாங்கிக்கொண்டேன். அதன்பின் இதயத்தைப் படம் பிடிக்கிற எக்கோ இயந்திரம். திரையைத் துடைத்து, மார்பில் வைத்துப் பார்க்கிற ப்ரோபில் காய்ந்து ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்து, படத்தின் அகலத்தை முழுசாகத் திறந்து வைத்தேன். தினமும் காலையில் அதைத் திறந்து வைப்பது என் வேலை. தினமும் அதைக் குறுக்கி வைப்பது அவருடைய வேலை.

அவர் எங்கள் பெரிய டாக்டர். பெயர் வேண்டாம். ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் ஸார், நோயாளிகளின் வீட்டாருக்கு டாக்டர்பாபு. மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் தஞ்சாவூர்க் குடும்பம். என் அப்பாவும் தமிழ்நாட்டிலிருந்து வங்கி உத்தியோகத்துக்காக இந்த ஊருக்கு வந்தவர் என்பதால் என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். நாற்பத்து நான்கு வயதான என்னை, ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவையே பார்த்துக்கொண்டிருந்த என்னை, "கொழந்தே" என்று கூப்பிடுவார். மற்றவர்கள் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தியை எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் உட்கார வைக்க அதைவிட நல்ல சொல் கிடைக்காது.

எக்கோ படம் விசிறி மாதிரி விரியும். விசிறி முழுசாக விரிந்திருந்தால் இதயத்தின் நான்கு அறைகளும் தெரியும். படம் கொஞ்சம் மங்கலாகவும் மெதுவாகவும் ஓடும். ஒரு குமிழைத் திருப்பி விசிறியை மடக்கினால் நடுவில் இருப்பது மட்டும் பளிச்சென்று வரும். மடக்கின பக்கத்தில் என்ன நடக்கிறது என்பது தெரியாது. அவர் கட்டிலருகே வந்ததும் செய்கிற முதல் காரியம் அந்தக் குமிழைத் திருப்புவது. இடது கீழறை மட்டும், உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுகிற அந்த ஒரு அறை மட்டும், திரையை நிரப்பிக்கொண்டு துடிக்கும். அழகான படம் என்பதை நான் மறுக்கவில்லை.

படம் கிடைத்ததும் திரையைத் தன் பக்கமிருந்து வெளிப்புறமாகத் திருப்புவார். அங்கே நோயாளியின் கணவரோ மகனோ நின்றுகொண்டிருப்பார்கள். யாரும் இல்லாவிட்டால் நர்ஸை அனுப்பிக் கூப்பிட்டுக்கொண்டு வரச் சொல்வார். அவர்கள் வரும்வரை ப்ரோபை உள்ளங்கையில் பொத்திச் சூடு பண்ணிக்கொண்டிருப்பார். "ஜெல் ஜில்லென்று இருக்கும் மா, பயப்படாதே" என்று நோயாளியிடம் வங்க மொழியில் சொல்வார். சொல்லும்போது கண் வாசலில் இருக்கும். உறவுக்காரர் வந்ததும், "பாருங்க, எப்படித் துடிக்குது. ஹார்ட் ஃபர்ஸ்ட் க்ளாஸ்" என்பார். அவர்கள் கும்பிடுவார்கள். அவர் ப்ரோபை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் கைக்குட்டையால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். சில சமயம் அவர் கண் திரையில் பட்டதா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

ஜாதவ்பூரில் ஒரு பாடா க்ளப், அதாவது பேட்டைச் சங்கம், துர்கா பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இலவச இதயப் பரிசோதனை வைத்தது. பந்தலுக்கு மூங்கில் கட்டி முடித்திருந்தார்கள், துணி இன்னும் போடவில்லை. அவருக்காக எக்கோ இயந்திரத்தோடு ஒரு பெரிய டி.வி.யை இணைத்திருந்தார்கள். கூட்டம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் இதயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் படுப்பார், இடது அறை டி.வி.யில் வரும், ஸார் மைக்கில் "ஃபர்ஸ்ட் க்ளாஸ்" என்பார், கைதட்டல், அடுத்தவர். மதியத்துக்குள் அந்தப் பாடா முழுவதும் ஃபர்ஸ்ட் க்ளாஸ் ஆகிவிட்டது. முன்வரிசையில் இருந்த இனிப்புக் கடைக்காரர் எழுந்து, "டாக்டர்பாபு, ஹார்ட்டுக்கு நாலு ரூம்னு பள்ளிக்கூடத்துல படிச்சோமே. ஒண்ணுதானே தெரியுது?" என்று கேட்டார்.

"மத்ததெல்லாம் வாடகைக்கு விட்டாச்சு" என்றார் ஸார். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன் போலிருக்கிறது. சரியாக ஞாபகமில்லை.

வலது பக்கத்தைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை உண்டு. அதை ஒருநாள் காபி அறையில் விளக்கினார்.

"இதோ பாரு கொழந்தே. வலது பக்கம்ங்கறது ஒரு தாழ்வாரம். அழுக்கு ரத்தம் வரும், நுரையீரலுக்குப் போகும். வருவா போவா. அங்க யாரும் குடித்தனம் பண்றதில்லை."

"தாழ்வாரம் அடைச்சுண்டா வீட்டுக்குள்ள யார் சார் வருவா?"

"உனக்கு வாய் ஜாஸ்தி" என்று சிரித்துவிட்டு என் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

நான் கேட்டது கேலிக்காக மட்டும் இல்லை. அந்த வாரம் டாலிகஞ்ச் சினிமா ஸ்டுடியோ ஒன்றில் விளக்குப் பிடித்து ஓய்வு பெற்றவர் நான்காம் தடவையாக அட்மிட் ஆகியிருந்தார். பீடியில் போன நுரையீரல். கால் இரண்டும் உலக்கை மாதிரி வீங்கியிருந்தன. சேதமான நுரையீரலுக்குள் வருஷக்கணக்காக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலது அறை களைத்துவிட்டது, அதனால்தான் வீக்கம். அதைத் தெரிந்துகொள்ள விசிறியை விரித்தால் போதும். ஸார் நான்கு தடவையும் குறுக்கினார், நான்கு தடவையும் ஃபர்ஸ்ட் க்ளாஸ் என்றார். வீக்கத்துக்குக் காரணம் சாயங்காலம் தின்கிற பஜ்ஜியில் இருக்கும் உப்பு என்று முடிவு செய்தார். அந்த மனிதர் பஜ்ஜியை விட்டுவிட்டார். பிறகு பொரியையும் விட்டுவிட்டார். கால் வீங்கிக்கொண்டே இருந்தது. "இன்னும் எதை விடணும்னு டாக்டர்பாபுவைக் கேட்டுச் சொல்லுங்க திதி, சோறு மட்டும்தான் பாக்கி" என்று என்னிடம் கேட்டார். திதி என்றால் அக்கா. நான் எழுதிக் கொடுத்த மருந்தை ஸார் அடித்துவிட்டு, ஓரத்தில் 'உப்பு?' என்று எழுதியிருந்தார்.

தவறு செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நானும் செய்திருக்கிறேன், செய்யாத டாக்டரை நான் பார்த்ததில்லை. தன் தவறு தன் கண்ணில் படாதபடி ஒரு குமிழைத் திருப்பி வைத்துக்கொள்கிறவரை மதிக்கத்தான் என்னால் முடியவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். அவர் யார் மேலும் குரல் உயர்த்தியதில்லை. உறவுக்காரர்களின் பெயர், அவர்கள் பெண்ணின் பரீட்சை, பையனின் வேலை எல்லாம் அவருக்கு ஞாபகம் இருக்கும். செத்துப்போன நோயாளியின் வீட்டார் அடுத்த பூஜைக்கு அவருக்கு சந்தேஷ் இனிப்பு கொண்டுவந்து கொடுத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் அவர்மேல் எனக்கிருந்த அபிப்பிராயம் மாறவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு பெஹாலாவிலிருந்து ஒரு அம்மாளை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது. புடவைகளுக்கு ஃபால் தைத்துக் கொடுக்கிறவள். காளி பூஜை முடிந்து பத்து நாள் கழித்து ஈரப் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்து, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. மூன்று வாரமாக நாற்காலியும் கட்டிலுமாக இருந்தவள் காலையில் குளியலறைக்குப் போக எழுந்ததும் சுருண்டு விழுந்துவிட்டாள். வரும்போதே மூச்சு வாங்கியது. உதடு நீலம். ரத்த அழுத்தம் மிகவும் குறைவு. கூட வந்த கணவர் ட்ராம் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியின் செருப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மாவுக்கட்டு இல்லாத காலுக்கு உரியது.

"டாக்டர்பாபுகிட்டத்தான் காட்டணும்" என்றார். பாடாவில் எல்லோரும் அப்படித்தான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்களில் நாலு பேர் கூடவே வந்து கீழே நின்றார்கள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயாளி யார் பெயரில் சேர்கிறாரோ அவர் சொல்தான் கடைசிச் சொல். நான் முதலுதவி செய்யலாம், ஆக்ஸிஜன் வைக்கலாம், ட்ரிப்பைக் கூட்டலாம் குறைக்கலாம். பெரிய மருந்து எதுவானாலும் அவர் கையெழுத்து வேண்டும்.

நான் ப்ரோபை எடுப்பதற்குள் ஸார் வந்துவிட்டார். குமிழைத் திருப்பினார். கணவரை உள்ளே கூப்பிடச் சொன்னார். திரை வெளியே திரும்பியது. இடது அறை சின்னதாகச் சுருங்கி, சுவரும் சுவரும் தொட்டுக்கொள்ளும்படி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"பாருங்க மேஷோமஷாய்" என்றார், சித்தப்பா முறை வைத்து. "ஹார்ட் ஃபர்ஸ்ட் க்ளாஸ். உள்ளே தண்ணிதான் இல்லை. குளியலறைக்கு நொண்டிண்டு போகணுமேன்னு தண்ணியே குடிச்சிருக்க மாட்டாங்க. சரிதானே?"

"அதே அதே. தண்ணி குடுத்தா வேண்டாம் வேண்டாம்பா" என்று கணவர் வியந்து போனார்.

ஸார் சொன்னதில் இடது அறை காலி என்பது மட்டும் உண்மை. காலி அறை வேகமாக அடிப்பது உடம்பில் நீர் குறைந்தாலும் நடக்கும். வலது பக்கம் எதையும் தள்ள முடியாமல் நிற்பதால் இடது பக்கத்துக்கு ரத்தமே வராவிட்டாலும் நடக்கும். முதலாவதற்கு சலைன் ஏற்றினால் பிழைப்பாள். இரண்டாவதற்கு சலைன் ஏற்றினால், ஏற்கெனவே வீங்கிப்போன வலது அறை இன்னும் உப்பி, இடதை நசுக்கி, நின்றுபோகும். எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி மறுபக்கத்தைப் பார்ப்பது.

"சார், மூணு வாரமா கால் கட்டுல இருந்திருக்கா. வலது பக்கம் ஒரு தடவை பாத்துடலாமே."

"தாழ்வாரத்தையா?" என்றார். "சலைன் வேகமாப் போகட்டும் கொழந்தே. எனக்கு ஓ.பி.டி. இருக்கு."

கைக்குட்டை. விரல் விரலாக. வெளிநோயாளிகள் பிரிவுக்குப் போய்விட்டார்.

சலைன் பாட்டில் பாதி இறங்குவதற்குள் அழுத்தம் ஏறவில்லை, இன்னும் இறங்கியது. கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. தண்ணீர் இல்லாத உடம்பில் கழுத்து நரம்பு புடைக்காது. ட்ரிப்பை நிறுத்தினேன். நர்ஸ் ஷிப்ரா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இயந்திரத்தை என் பக்கம் தள்ளினாள்.

குமிழை முழுசாகத் திறந்தேன்.

வலது கீழறை சாதாரணமாக இடதைவிடச் சின்னது, பிறை மாதிரி அதன்மேல் சாய்ந்திருக்கும். இங்கே அது இடதைவிடப் பெரிதாக ஊதியிருந்தது. நடுச்சுவர் தட்டையாகி இடது பக்கம் தள்ளப்பட்டிருந்தது. வலது அறையின் வெளிச்சுவர் அசையவே இல்லை. நுனி மட்டும் துள்ளியது. வால்வின் வளையம் ஒவ்வொரு துடிப்புக்கும் மேலும் கீழும் நன்றாகப் போய்வர வேண்டும், அது இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. வயிற்றுப் பக்கமிருந்து பார்த்தேன். இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரை பருத்து, மூச்சுக்குக்கூடச் சுருங்காமல் நின்றது. தொடை இடுக்கில் வேறு ப்ரோபை வைத்து அழுத்தினேன். சிரை அமுங்க வேண்டும். கட்டுப் போட்ட காலில் அமுங்கவில்லை. உள்ளே ரத்தக் கட்டி. அதில் ஒரு துண்டு பிரிந்து போய் நுரையீரல் குழாயை அடைத்திருக்கிறது.

அடைப்பைக் கரைக்கிற ஊசி எங்கள் ஃபார்மஸியில் இருந்தது. ரத்தப்போக்கு ஆபத்து உள்ளது என்பதால் பெரிய டாக்டர் கையெழுத்து இல்லாமல் தரமாட்டார்கள். நானே கேட்டேன், தரவில்லை. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் மருந்தை ஆரம்பித்துவிட்டு ஸாருக்கு போன் செய்தேன். வீங்கிய அறை, தட்டைச் சுவர், அமுங்காத சிரை, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"நீ ட்ரிப்பை நிறுத்தினியா?"

"நிறுத்தினேன் சார்."

"திரும்ப ஆரம்பி. எனக்கு வெளியில நாப்பது பேர் உக்காந்திருக்கா. நான் காட்டின படத்தை எல்லாரும் பாத்தாச்சு. இப்ப வேற படம் காட்டினா வீட்டுக்காரா என்ன நெனைப்பா, யோசிச்சுப் பாரு." போனை வைத்துவிட்டார்.

யோசித்துப் பார்த்தேன். அப்போதுதான் வழி தெரிந்தது. இத்தனை வருஷமாக நான் அவரிடம் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது வீண். படத்தால் அந்த மனிதரை அசைக்க முடியாது. படத்தைப் பார்க்க ஆள் இருந்தால் போதும்.

"ஷிப்ரா, நீ ஓ.பி.டி.க்குப் போ. பேஷன்ட்டோட வீட்டுக்காரர் கட்டில்கிட்ட நிக்கறார், டாக்டர்பாபு வந்து இன்னொரு தடவை ஹார்ட்டைக் காட்டணும்னு கேக்கறார்னு சொல்லு. அவர் மட்டும் இல்ல, பாடாக்காரங்க நாலு பேரும் வந்திருக்காங்கன்னு சொல்லு."

"நாலு பேர் மேல வரலையே திதி."

"இப்ப கூட்டிட்டு வா. கீழே லிஃப்ட்கிட்ட டீ குடிச்சிட்டிருக்காங்க."

ஸார் வந்தார். என் போனுக்கு வராதவர், தலையைச் சீவிக்கொண்டு வந்தார். நான் ப்ரோபைக் கையிலிருந்து விடவில்லை. திரையை முன்கூட்டியே கணவர் பக்கம் திருப்பி வைத்திருந்தேன். விசிறி முழுசாக விரிந்திருந்தது. கணவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டாக்டர்பாபு, காலையில இது இல்லையே. இந்தப் பெரிசு எது?"

பாடாக்காரர்கள் நால்வரும் எட்டிப் பார்த்தார்கள். ஸாரின் கை குமிழை நோக்கி வந்தது. அத்தனை பேர் கண்ணும் திரையில் இருந்ததால் பாதியில் நின்றது. நானறிய முதல் தடவையாக அவர் திரையைப் பார்த்தார். கண் இமைக்காமல் பார்த்தார். அவருக்கு இது தெரியாத விஷயம் இல்லை. எங்களில் பலரைவிட நன்றாகப் படித்தவர். அவர் முகம் மாறினதைப் பார்த்து அவருக்குள் ஒரு டாக்டர் இருக்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்தக் கணம் போய்விட்டது.

"இதைத்தான் மேஷோமஷாய் நான் காலையிலேருந்து தேடிட்டிருந்தேன்" என்றார் கணவரிடம், ரகசியம் சொல்கிற குரலில். "அதான் மேடத்தைப் பக்கத்துலேயே நிக்க வெச்சேன். எங்கே மேடம், அந்தப் பேப்பரைக் கொடுங்க."

நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். ஷிப்ரா ஃபார்மஸிக்கு ஓடினாள். ஊசி ஏறத் தொடங்கியதும் அவர் கணவரின் தோளில் கைபோட்டு, வலது இதயம் எவ்வளவு முக்கியம் என்று விளக்க ஆரம்பித்தார். தாழ்வாரம் அடைபட்டால் வீட்டுக்குள் யார் வரமுடியும் என்று கேட்டார். பாடாக்காரர்கள் தலையாட்டினார்கள். நான் அழுத்தத்தைக் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாலு மணிக்குமேல் அழுத்தம் மெல்ல ஏறியது. உதட்டின் நீலம் குறைந்தது. சாயங்காலம் ஜூனியர் டாக்டர்களை வரிசையாக நிற்க வைத்து, குறைந்த அழுத்தத்தில் வலது பக்கம் பார்க்காமல் சலைன் ஏற்றுவது எத்தனை பெரிய முட்டாள்தனம் என்று வகுப்பு எடுத்தார். நல்ல வகுப்பு. ஒரு தகவலும் பிசகில்லை. போகும்போது அந்த அம்மாளின் காதருகே குனிந்து, "ஹார்ட் நின்னிருக்கும் மா. பிடிச்சு இழுத்துட்டேன்" என்றார்.

அதற்கடுத்த வருஷம் அவர் பெங்களூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். வழியனுப்பு விழாவுக்கு நான் போகவில்லை. இப்போது எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, விசாரித்ததும் இல்லை.

ஊசி போட்ட மறுநாள், 22ஆம் தேதி காலை முதல் வேலையாக அந்த அம்மாளின் கட்டிலுக்குப் போனேன். தலையணையை நிமிர்த்திப் பாதி உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கணவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"மா, உங்களை ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். மூச்சு விட்டு விட்டுத்தான் பேச முடிந்தது. "நேத்து காலையில பெரிய டாக்டர் என் ஹார்ட் ஃபர்ஸ்ட் க்ளாஸ்னார். எனக்குக் காது கேட்டுது. சாயங்காலம் அவரே, நின்னுபோக இருந்துச்சுன்னார். எது நிஜம்? இவரைக் கேட்டேன். டாக்டர்பாபு சொன்னா ரெண்டும் நிஜமாத்தான் இருக்கும்ங்கறார்."

ப்ரோபில் ஜெல்லைத் தடவினேன்.

"நேத்து இவருக்கு ரெண்டு தடவை காட்டினீங்க. பாடாவுல அந்த நாலு பேரும் பாத்தாச்சு. ராத்திரிக்குள்ள பெஹாலா முழுக்கச் சொல்லியிருப்பாங்க. என்கிட்ட ஒருத்தரும் காட்டல."

அவள் சொன்னது சரி. திரையை அவள் முகத்துக்கு நேராகத் திருப்பினேன். நான் கழுத்தை வளைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. வலது அறை நேற்றைவிடச் சுருங்கியிருந்தது, முழுசாக இல்லை. நடுச்சுவர் தன் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. வால்வின் வளையம் மேலும் கீழும் போய்வந்தது.

"இதுதான் வலது பக்கம். நேத்து இதுதான் மாட்டிக்கிச்சு."

"இப்ப வேலை செய்யுதா?"

"செய்யுது."

கையை எடுக்கப் போனேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க மா. அந்தப் பக்கத்தையே கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

அடுத்த கட்டில் காத்திருந்தது. ப்ரோபை எடுக்காமல் நின்றேன்.